ஒரே சாயம், ஏழு பாட்டில்

அவர்கிட்ட எதைக் கேட்டாலும் பதில் வராது. "எதுல?"ன்னு ஒரு எதிர்க்கேள்விதான் வரும்.

"சார், காபி எப்படி இருக்கு?"

"எதுல மேடம்? எவர்சில்வர் டம்ளர்லயா, கண்ணாடி கிளாஸ்லயா?"

"சார், புது பிரின்சிபால் எப்படி?"

"எதுல? ஆபீஸ் ரூம்லயா, கல்யாண வீட்டுலயா?"

ஒரு மனுஷன் ஆயுசுல ஒரு தடவையாவது 'நல்லா இருக்கு'ன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? ம்ஹூம். காலேஜ் பிள்ளைகள் அவருக்கு 'எதுல சார்'னே பேர் வச்சிட்டாங்க. அது அவருக்கும் தெரியும். "பரவாயில்ல மேடம், போன செட்டு பிள்ளைங்க வச்ச பேருக்கு இது எவ்வளவோ தேவலை"ன்னு என்கிட்ட ஒரு நாள் சொன்னார். அந்தப் பேர் என்னன்னு எவ்வளவு குடைஞ்சும் சொல்லலை.

ராஜபாளையத்துல ஒரு காலேஜில அவர் வேதியியல், நான் சரித்திரம். ரெண்டு பேருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். காலையில ஒரே டவுன் பஸ், சாயங்காலம் ஒரே டவுன் பஸ். எண்பதுகளோட கடைசியில ஆரம்பிச்சு பல வருஷம், வீட்டுக்காரர்கிட்ட பேசினதைவிட அந்த பஸ்ல இருந்தவங்ககிட்ட நான் பேசினதுதான் அதிகம். என் வீட்டுக்காரரும் அதைப் பத்திக் குறைப்பட்டுக்கிட்டதா ஞாபகம் இல்லை.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில ரெண்டு பேனா, ரெண்டும் எழுதாது. தோள்ல ஒரு ரெக்சின் பை. அதுக்குள்ள துண்டு சுத்தி, ரப்பர் மூடி போட்ட சின்னச் சின்ன கண்ணாடி பாட்டில்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு நிறம். விடுமுறை நாள்ல லேபைப் பூட்டிப் போடுவாங்கன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், திரும்பக் கொண்டு வருவார். அந்தப் பையைத் திறந்தா பஸ்ஸே ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும்.

முதல் தடவை அந்த வாடை அடிச்சப்போ கண்டக்டர் அண்ணாச்சி விசிலை ஊதி பஸ்ஸையே நிப்பாட்டிட்டார். "சார், பையில என்ன? பெட்ரோலா?"

"பெட்ரோல் இல்ல அண்ணாச்சி. கரைப்பான்."

"எதைக் கரைக்கதுக்கு? என் வேலையையா?"

பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கடைசியில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. அவர் கடைசி சீட்டுல, ஜன்னல் ரெண்டையும் திறந்து வச்சுட்டுத்தான் உட்காரணும். பீடி பத்த வைக்கிற ஆளு முன்னாடி போயிரணும். "வெடிக்கிறதுன்னா முன்கூட்டியே சொல்லிட்டு வெடிங்க சார், நான் இறங்கிக்கிடுதேன்"னுட்டு அண்ணாச்சி டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தார்.

அதுக்கப்புறம் கடைசி சீட்டுதான் அவரோட ராஜ்ஜியம். மார்க்கெட்டுக்குப் பூக்கூடையோட வர்ற பூக்காரக்கா அங்கதான் உட்காருவாங்க, கூடையை வைக்க அங்கதான் இடம். மம்சாபுரத்துக்காரங்க. மனசுல ஒண்ணையும் வச்சுக்கத் தெரியாது. பாட்டிலைப் பார்த்துட்டு, "என்ன சார், ஏழு சாயம் வச்சிருக்கீக, துணிக்கா?"ன்னு கேட்டாங்க.

"ஏழு சாயம் இல்ல அக்கா. ஒரே சாயம். ஏழு விதமான திரவத்துல கரைச்சிருக்கேன். சுத்தி இருக்கிறது மாறினா நிறம் மாறுது."

"போங்க சார், பூ விக்கிறவன்னா எதையும் நம்பிருவேனா?"

அவங்களை நம்ப வைக்க அவர் பட்ட பாட்டைக் கண்ணால பார்த்தவள் நான். மறுநாள் ஒரு காகிதத்துல அந்தச் சாயப்பொடி கொஞ்சூண்டு, ரெண்டு பாட்டில்ல தெளிஞ்ச தண்ணி மாதிரி ரெண்டு திரவம். ஓடுற பஸ்ல, அக்கா கண் முன்னாடியே பொடியை ரெண்டா பிரிச்சுப் போட்டுக் குலுக்கினார். ஒண்ணு மஞ்சளாச்சு, இன்னொண்ணு சிவந்தது. பஸ்ல பாதிப் பேர் பின்பக்கம் திரும்பி நின்னாங்க. பூக்காரக்கா ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "அடி ஆத்தி, ஒரே பிள்ளை, அம்மா வீட்டுல ஒரு நிறம், மாமியா வீட்டுல ஒரு நிறமால்ல இருக்கு!"ன்னாங்க. மனுஷனுக்கு அன்னைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. மூணு நாளைக்கு அதையே சொல்லிட்டுத் திரிஞ்சார்.

அவர் ஆராய்ச்சியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். தப்பிருந்தா பழி என் தலையில. சாதாரணமா ஒரு பொருள் மேல ரெண்டு மடங்கு வெளிச்சத்தைப் பாய்ச்சினா, அது தர்ற பதிலும் ரெண்டு மடங்குதான். நேரான கணக்கு. ஆனா சில மூலக்கூறுகள் உண்டாம். அதோட ஒரு முனை எலக்ட்ரானைக் கொடுக்கப் பார்க்கும், மறு முனை பிடுங்கப் பார்க்கும். லேசர் மாதிரி பலத்த வெளிச்சம் பட்டா, அதுங்க கணக்கை மீறிப் பதில் சொல்லும். கண்ணுக்கே தெரியாத ஒளி உள்ள போகும், பச்சை ஒளியா வெளிய வரும். அந்த மீறல் எம்புட்டுங்கிறது மூலக்கூறு கையில மட்டும் இல்லை, அதைச் சுத்தி நிக்கிற கரைப்பான் கையிலயும் இருக்குன்னு காட்டுறதுதான் இவரோட முனைவர் பட்ட ஆராய்ச்சி. லேசருக்கு எங்க காலேஜ் எங்க போகும்? ஒரு பழைய ஸ்பெக்ட்ரோ கருவி இருந்தது. ஒவ்வொரு கரைப்பான்லயும் சாயத்தோட நிறம் எவ்வளவு நகருதுன்னு அதுல அளந்து, அந்த நகர்வுல இருந்து கணக்குப் போட்டு மீறலைக் கண்டுபிடிப்பார்.

இதையே பூக்காரக்காவுக்கு வேற மாதிரி சொன்னார்.

"அக்கா, நீங்க காலி பஸ்ல நிக்கீங்க. வளைவு வருது. என்ன செய்வீங்க?"

"கம்பியப் பிடிப்பேன்."

"பஸ் நிறையக் கூட்டம்னா?"

"கூட்டம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் நானும் சாய்வேன். தனியா நின்னா சாயுறதைவிட அதிகமாவே சாய்வேன்."

"அம்புட்டுதான் என் ஆராய்ச்சி."

"இதுக்கா சார் கவர்மெண்டு சம்பளம் குடுக்கு?"

நான் முன் சீட்டுல இருந்து சிரிச்ச சிரிப்புல, கண்டக்டர் அண்ணாச்சி எனக்கு ரெண்டு தடவை டிக்கெட் கிழிச்சுட்டார்.

ஒரு ஐப்பசி மாசம் அவர் முகம் செத்துப் போய்க் கிடந்தது. சித்திரையில எடுத்த அளவும் இப்ப எடுக்கிற அளவும் ஒத்துப் போகலையாம். அதே சாயம், அதே பாட்டில், அதே கருவி. முதல்ல கருவியைத் திட்டினார். அப்புறம் கரண்ட்டைத் திட்டினார். அப்புறம் சாப்பிடறதை விட்டுட்டார். கடைசியில பார்த்தா, தப்பு ஜன்னல்ல இருந்தது. மலைக்காத்து சுகமா வருதுன்னு லேப் ஜன்னலைத் திறந்து போட்டுட்டு, பாட்டில் மூடியையும் திறந்து வச்சு வேலை பார்த்திருக்கார் மகானுபாவர். டையாக்ஸேன்னு ஒரு திரவம், அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிருமாம். மழை மாசம் முழுக்க அது தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கொஞ்சூண்டு தண்ணிதான். சாயத்துக்கு அது போதும், குணமே மாறிப் போச்சு.

வழிகாட்டிப் பேராசிரியர், "கெட்டுப் போன அளவை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடு"ன்னுட்டார். மறுபடி எடுத்தார். ஆனா மழைக்காலத்து அளவைத் தூக்கிப் போடலை. தனியா ஒரு அட்டவணையாப் போட்டு ஆய்வேட்டுல சேர்த்துட்டார். "அது பொய் சொல்லலை மேடம். மழையில அது அப்படித்தான் இருந்தது"ன்னார். பிடிவாதத்துல கழுதை தோத்துப் போகும்.

பஸ்ல இவ்வளவு பேசுற மனுஷன், கோட்டு போட்ட ஆளைக் கண்டா முடிஞ்சுது. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். மதுரையில ஒரு கருத்தரங்குக்குப் போனவர், மேடையில ஏறி, தாளைத் தலைகீழா வச்சு, "ஒளி..."ன்னு ஆரம்பிச்சு, ஒரு மடக்கு தண்ணி குடிச்சு, "நன்றி"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாராம். பொண்ணு பார்க்கப் போன இடத்துலயும் அதே கதைதான். மாமனார் கோர்ட்டுல வேலை பார்த்தவர், கறுப்புக் கோட்டோட வந்து உட்கார்ந்திருக்கார். இவர் வாயே திறக்கலை. "ஐயோ பாவம், பேச்சு வராதுபோலன்னு நெனச்சு வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தேன் அக்கா. மறுநாள் கோயிலுக்கு பஸ்ல போனா, பின்னாடி சீட்டுல ஒருத்தர் பூக்காரம்மாகிட்ட வெங்காயம் உரிச்சா ஏன் கண்ணு கரிக்குதுன்னு பிரசங்கம் பண்ணிட்டு வாராரு. நேத்து வந்த ஊமை! அப்புறந்தான் சரின்னேன்"னு அவர் வீட்டம்மா என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

ஆனா சிரிக்கிற விஷயமா அது நிலைக்கலை. ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிச்சாங்க. ஏற்கெனவே நீட்டிப்பு மேல நீட்டிப்பு வாங்கி, இனிமே நீட்ட ஒண்ணும் இல்லைங்கிற நிலைமை. வெளியூர்ல இருந்து ஒரு பெரிய பேராசிரியர் வர்றார். அவர் கேட்கிறதுக்கெல்லாம் சபையில நின்னு பதில் சொல்லணும். சொல்லலைன்னா இத்தனை வருஷ உழைப்பும் போச்சு. "மேடம், எழுதினதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா அவர் முன்னாடி நிக்கணுமே"ன்னு பஸ்ல சொன்னார். எனக்கு அன்னைக்குக் கேலி பண்ணத் தோணலை.

சரி, ஒத்திகை பார்ப்போம்னு ஒரு மத்தியானம் ஆசிரியர் அறையில நானே தேர்வாளர் வேஷம் கட்டினேன். என் வீட்டுக்காரரோட கல்யாணக் கோட்டைச் சேலைக்கு மேல மாட்டி, டையும் கட்டி, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "உம், சொல்லுங்க"ன்னேன். நம்ப மாட்டீங்க, மனுஷனுக்கு வேர்த்து விட்டுருச்சு. "சார், கோட்டுதான் வேற, உள்ள இருக்கிறது நான்தான்!"னு கத்தினேன். பேச்சில்லை. கோட்டைக் கழட்டி நாற்காலியில எறிஞ்சேன். உடனே கடகடன்னு ஆரம்பிச்சுட்டார், பெல் அடிக்கிற வரை நிறுத்தலை.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டினது. "சார், உங்க மேல ஒரு குறையும் இல்ல. உங்களைத் தப்பான பாட்டில்ல ஊத்தப் போறாங்க, அவ்வளவுதான்"னேன். அவர் சிரிக்கலை.

வாய்மொழித் தேர்வு எங்க காலேஜிலேயே நடக்குதுன்னு அறிவிப்புப் பலகையில ஒட்டியிருந்தாங்க. கடைசி வரியில, ஆர்வமுள்ள எவரும் கலந்துகொள்ளலாம்னு இருந்தது. வழக்கமா அந்த வரியை யாரும் படிக்க மாட்டாங்க. நான் படிச்சேன். சாயங்காலம் அவர் இல்லாத நேரமாப் பார்த்து கண்டக்டர் அண்ணாச்சிகிட்ட போய், பஸ்காரங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்.

"எங்களை உள்ள விடுவாகளா மேடம்?"

"எவரும்னு போட்டிருக்கு அண்ணாச்சி. நீங்க எவர்ல சேர்த்தி இல்லையா?"

"அன்னைக்கு எனக்கு ரெஸ்ட்தான். ஆனா அங்க வந்து நாங்க என்னத்த செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சுத்தி இருங்க, போதும்."

அன்னைக்குக் காலையில கருத்தரங்கக் கூடத்துல முன்வரிசையில கோட்டுகள். பெரிய பேராசிரியர், வழிகாட்டி, பிரின்சிபால், நாலு துறைத் தலைவர்கள். தேர்வு தொடங்கப் போற நேரத்துல கதவைத் தள்ளிக்கிட்டு பஸ்ஸே உள்ள வந்தது. காக்கி இல்லாம வெள்ளை வேட்டியில கண்டக்டர் அண்ணாச்சி. கூடையை வாட்ச்மேன்கிட்ட விட்டுட்டு பூக்காரக்கா. பஞ்சாலை மேஸ்திரி ஒருத்தர், வீட்டுல தெலுங்கு பேசுறவர், அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருந்தார். அவங்க பின்னாடி இன்னும் பத்துப் பேராவது இருக்கும். பிரின்சிபால் பதறிப் போய் என்கிட்ட, "என்ன மேடம், ஸ்ட்ரைக்கா?"ன்னார். "ஆர்வமுள்ள எவரும் சார்"னேன். கடைசி வரிசையில போய் உட்கார்ந்தாங்க, பஸ்ல உட்கார்ற அதே வரிசையில. நானும் அக்கா பக்கத்துல இடம் பிடிச்சேன்.

அவர் இதையெல்லாம் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கிட்டே மேடையேறினார். எழுதி வச்சிருந்ததை முணுமுணுன்னு வாசிச்சு முடிச்சார். பெரிய பேராசிரியர் இங்கிலீஷ்ல ஒரு கேள்வி கேட்டார். இவர் தாளைத் திருப்பினார். இன்னொண்ணு கேட்டார். இவர் தண்ணி குடிச்சார். வழிகாட்டி நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டார். மூணாவதா, ஆய்வேட்டைப் புரட்டி அந்த அட்டவணையில விரலை வச்சு, "இது ஈரம் பட்டுக் கெட்டுப் போன அளவுதானே? இதை எதுக்குச் சேர்த்தீங்க?"ன்னார். இவர் உதடு அசைஞ்சுது. சத்தம் வரலை. போச்சு, எல்லாம் போச்சுன்னே நெனச்சேன்.

அப்ப கடைசி வரிசையில இருந்து பூக்காரக்கா, பஸ்ல கூப்பிடுற அதே குரல்ல, "சார்! மழையில பாட்டில் தண்ணி குடிச்ச கதையத்தான் கேக்காக போல. எங்களுக்குச் சொன்னீகல்லா, அதைச் சொல்லுங்க சார்!"ன்னாங்க.

கோட்டுகள் எல்லாம் திரும்பின. பிரின்சிபால் எழுந்திரிக்கப் பார்த்தார். பெரிய பேராசிரியர் கையைக் காட்டி அவரை உட்கார வச்சார்.

எங்க ஆள் தலையை நிமிர்த்தினார். முதல்ல பூக்காரக்காவைப் பார்த்தார், அப்புறம் அண்ணாச்சியை, அப்புறம் வரிசையா எல்லாரையும். மேஸ்திரி தைரியம் சொல்ற மாதிரி, 'சொல்லுங்க'ங்கிறதைத் தெலுங்குல, "செப்பண்டி சார், செப்பண்டி"ன்னார்.

அவர் சொல்ல ஆரம்பிச்சார். தமிழ்ல. பெரிய பேராசிரியரும் தமிழ்க்காரர்தான், "தமிழ்லயே சொல்லுங்க"ன்னு சாய்ஞ்சு உட்கார்ந்தார். ஒரு ஈரக்காத்து உள்ள வந்தா, அந்தத் துளித் தண்ணி போய் மூலக்கூறுக்குப் பக்கத்துல எப்படி நிக்குது, அது எலக்ட்ரானை எந்தப் பக்கம் இழுக்குது, நிறம் ஏன் நகருது, ஒளிக்கு அது தர்ற பதில் ஏன் பெருசாகுது, அதனால அந்த அளவு ஏன் கெட்ட அளவு இல்லை, எல்லாத்தையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வளைவுல கூட்டம் சாயுற இடம் வந்தப்போ கடைசி வரிசை தலையாட்டினது. பெரிய பேராசிரியர் விடலை, கேள்வி மேல கேள்வியாப் போட்டார். இவரும் விடலை.

கடைசியில பெரியவர் ஆய்வேட்டை மூடி வச்சுட்டு, "ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு கரைப்பானுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கீங்க, மழைக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் கழிச்சுட்டா அந்த மூலக்கூறோட சொந்த மதிப்பு எது?"ன்னார்.

எங்க ஆள் கை தண்ணி டம்ளருக்குப் போச்சு. மறுபடி நாக்கு ஒட்டிக்கிச்சோன்னு எனக்கு உயிரே போச்சு.

"ஆவியாக்கி, பக்கத்துல ஒண்ணுமே இல்லாம அளந்தா ஒரு எண் வரும் ஐயா. சின்ன எண்ணா இருக்கும்னு கணக்கு சொல்லுது. அதுதான் அதோட சொந்த மதிப்புன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரலை. அது யாருமே இல்லாத இடத்துல அது எப்படி இருக்குங்கிறது, அவ்வளவுதான்."

கடைசி வரிசைப் பக்கம் கையைக் காட்டினார்.

"செத்த முன்னாடி நீங்க கேட்டப்போ மரம் மாதிரி நின்னது நான்தான் ஐயா. இப்ப பேசுறதும் நான்தான். இதுல எவன் சொந்தம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. இவங்க இல்லாம நான் எவ்வளவுன்னு அளக்க எனக்கு ஆசையும் இல்லை."

பூக்காரக்கா என் முழங்கையை இடிச்சு, "மேடம், சார் பாஸா, பெயிலா?"ன்னு கேட்டாங்க. பொல்லாத வாய்க்காரின்னு பேரெடுத்தவ, முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

பெரிய பேராசிரியர் எழுந்தார். வழிகாட்டியைப் பார்த்துத் தலையசைச்சார். அப்புறம் மேடைப் பக்கம் திரும்பி, "உட்காருங்க, டாக்டர்"னார்.

அண்ணாச்சிதான் முதல்ல கைதட்டினார். முன்வரிசையில வழிகாட்டிக்குப் பக்கத்துல அவருக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க. அவர் மேடையை விட்டு இறங்கி, அந்த நாற்காலியைத் தாண்டி, கோட்டுகளைத் தாண்டி, நேரா கடைசி வரிசைக்கு வந்தார். பூக்காரக்கா நகர்ந்து இடம் விட்டாங்க.